கொடிக்குக் கட்டிய மூங்கில்

அந்த மனிதர் வாயைத் திறந்தால் முதலில் விழுகிற சொல் ‘மாட்டேன்’ என்பதுதான். என்ன கேட்கிறோம் என்பதை முழுசாகக் கூடக் கேட்கமாட்டார். “அண்ணே, மணி என்னா இருக்கும்?” என்று கேட்டாலும் “மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, அப்புறம் அண்ணாந்து சூரியனைப் பார்த்து, “ஒம்பது இருக்கும், போ” என்பார்.

மலாயாவில், ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகிற சாலையில், உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே தொரை பங்களாவின் பூந்தோட்டத்துக்கு அவர்தான் தோட்டக்காரர். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கே இருந்தாலும் எழுந்து வந்து, “என்னயக் கேக்காம என் பேர எதுக்கு எழுதுன?” என்று சண்டை பிடிப்பார்.

ஒரு வருசம் மாரியம்மன் திருவிழாவுக்குச் செம்பருத்தி கேட்டுப் பெரிய கங்காணியே நேரில் போனார். ஊரே நடுங்குகிற கங்காணி. “மாட்டேன். செடியா உங்க சாமிக்கு நேந்துக்கிட்டுச்சு?” என்று திருப்பி அனுப்பிவிட்டார் இவர். மறுநாள் காலையில் பார்த்தால் கோயில் வாசலில் ஒரு கூடை நிறையச் செம்பருத்தி. போய்க் கேட்டதற்கு, “உதுந்து கெடந்துச்சு, கொட்டுனேன். குப்பைய வேற எங்க கொட்டச் சொல்ற?” என்றார். உதிர்ந்த பூவில் பனித்துளி நிற்குமா? அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது அன்றைக்கே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. திமிர் பிடித்த மனுசன் என்றுதான் பேசிக்கொண்டோம்.

எனக்கும் அவருக்கும் தினமும் சண்டை. நான் அப்போது கைக்குழந்தைக்காரி. விடிவதற்கு முன்னே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, மகளை நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, கத்தியும் வாளியுமாகக் காட்டுக்குப் போவேன். மரங்களைச் சீவி முடித்த பிறகு, ரப்பர் பால் வடிந்து மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறைய ஒரு மணி நேரம் போல ஆகும். எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான். கைக்குழந்தைக்காரிகள் ஏழு பேர் ஓடிவந்து, பிள்ளைகளுக்கு முலை கொடுத்துவிட்டு, மங்குப் பாலை எடுக்கத் திரும்பி ஓடுவோம். காட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் பங்களா. குறுக்கே ஓட ஒரே வழி அவருடைய பூந்தோட்டத்தின் பின்கோடி.

“அது காலா, எருமக் கொளம்பா? நாத்தெல்லாம் நசுங்கிப் போச்சே!” என்று மண்கட்டியை எடுத்து எறிவார்.

“நீங்க பூவப் பெத்தவரு, நாங்க புள்ளயப் பெத்தவங்க! வழிய விடுங்கண்ணே!” என்று நான் ஓடிக்கொண்டே கத்துவேன்.

“மாட்டேன்!”

ஆனால் ஒரு நாளும் குறுக்கே வந்து மறித்ததில்லை. எறிந்த மண்கட்டி ஒன்றுகூட எங்கள் மேல் விழுந்ததுமில்லை. அதை யார் அப்போது கவனித்தது?

அந்த வருசம் தொரை சீமைக்குப் போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தார். புதுத் தொரைசானி வராந்தாவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது எதிரே எங்கள் லயம் தெரிந்தது. எங்கள் அடுப்புப் புகை, நாங்கள் துவைத்துக் காயப்போட்ட சேலை, மூக்கு ஒழுகுகிற எங்கள் பிள்ளைகள். அந்த அம்மா கண்ணுக்கு ஆகவில்லை. இரண்டே மாதத்தில் லயத்துப் பக்கம் நெடுக, ஆள் உயரத்துக்கும் மேலே செங்கல் மதில் எழும்பிவிட்டது. உச்சியில் போத்தலை உடைத்துக் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள்.

எங்கள் குறுக்குவழி போயிற்று. இனி ரப்பர் ஸ்டோரைச் சுற்றி, ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கித்தான் ஆயாக்கொட்டகைக்குப் போக வேண்டும். போய்ச் சேரும்போதே திரும்புகிற நேரம் வந்துவிடும். நான் நாலு நாள் ஓடிப் பார்த்தேன். இரண்டு நாள், எங்களை வேலை வாங்குகிற தண்டல் என்னைப் பிந்திவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் ஏசினான். அதற்கப்புறம் ஓடவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிப்போன மாரைப் பிழிந்து பாலை மண்ணில் விட்டேன். அந்த நேரம் என் மகள் அங்கே கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு வீறிட்டுக்கொண்டிருப்பாள். பதினைந்து நாளில் அவள் தொடைச் சதை வற்றித் தோல் தொங்கியது. கொட்டகை ஆயாம்மா என் முகத்தைப் பார்க்காமல், “கஞ்சி தங்க மாட்டேங்குது புள்ள, எல்லாம் வயித்தால போவுது” என்றாள். இதற்கு முன்னே ஒன்றைப் பறிகொடுத்தவள் நான்.

எங்கள் ஆம்பளைகளைக் கேட்கிறீர்களா? “தொரை கட்டுன செவரு, நாம என்னா பண்ண முடியும்லா” என்று சொல்லிவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போனார்கள்.

தோட்டக்காரருக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இனி அவர் நாற்றை மிதிக்க ஆள் இல்லையே. மனசுக்குள் அவரைச் சபித்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

மதில் எழும்பின பிறகு தொரைசானிக்கு மதிலே பிடிக்கவில்லை. ஜெயில் சுவர் மாதிரி இருக்கிறதாம். அதை மூடக் கொடி வேண்டும் என்றாள். அன்று பங்களாப் புல்தரையில் களை பிடுங்க என்னை அனுப்பியிருந்தார்கள், அதனால் நடந்தது என் கண்ணால் பார்த்தது. தொரை இங்கிலீசில் சொல்ல, ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி தமிழாக்கிச் சொன்னார்.

“துரை காகிதப்பூ நடச் சொல்லுறார் காணும். முள் இருக்கிறதால ஒருத்தரும் மதில் ஏறமாட்டினமாம்.”

“மாட்டேன்.”

“ஏன் காணும்?”

“அது கொடியே இல்ல. அதுக்குப் பத்தவும் தெரியாது, சுத்தவும் தெரியாது. ஒவ்வொரு கொப்பையும் ஆளுதான் இழுத்துக் கட்டணும். பூப் பறிக்க வார அம்மா கையிலதான் அந்த முள்ளு ஏறும். சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

தொரைசானி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறும் ஒரு பச்சைக் கொடி இருக்கிறதாம், அது வேண்டும் என்றாள். அவர் நேரே மதிலுக்குப் போய்ப் புறங்கையை வைத்துக் காட்டி, “அம்மாவையும் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க” என்றார். உச்சி வெயில். வைத்த வேகத்தில் கையை எடுத்துவிட்டாள் அந்த அம்மா.

“இந்தச் சூட்டுல ஒட்டுற வேரு வெந்துரும். வேகாமப் பொழச்சா சுண்ணாம்பப் பேத்துக்கிட்டு வந்துரும். செவத்த விட்டு ஒரு சாண் தள்ளி, தாங்கு மேல நிக்கிற கொடியாத்தான் வெக்கணும். எதுன்னு நாந்தான் சொல்வேன்.”

கிராணிக்கு வியர்த்துவிட்டது. கடைசிச் சொல்லை அவர் இங்கிலீசில் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பத்து காஜாவில் ஏதோ ஒரு பங்களா வேலியிலிருந்து ஒரு சாக்கு நிறையத் துண்டுக்கொடி வெட்டிக்கொண்டு வந்தார். ஊதாவும் நீலமுமாகப் பூக்கிற கொடி. நாங்கள் நீலப்பூக்கொடி என்றே சொன்னோம். முள் கிடையாது. கணுவை மண்ணில் புதைத்தால் போதும், வேர் விட்டுவிடும். மழை விழுந்தால் நாளுக்கு ஒரு முழம் ஓடும். ஆனால் பொல்லாத கனம். வருசம் திரும்பினால் அடித்தண்டு மணிக்கட்டுத் தடிப்பு வந்துவிடும்.

“ஒரு பக்கம் மட்டும் தாங்கு குடுத்தா, இது மதிலையே இழுத்துச் சாச்சிரும். ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டணும்” என்று கிராணியிடம் சொன்னார். தொரைக்குக் கொடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மதில் சாயும் என்பது விளங்கியது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

அவர் தாங்கு கட்டிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெரிய மூங்கிலை நட்டு, அதற்கு இடையில் கட்டைவிரல் தடிப்பில் சிறு மூங்கிலை நிறுத்தினார். சுற்றி ஏறுகிற கொடிக்குத் தடித்த கழி பிடிபடாதாம், மெல்லிசு வேண்டுமாம், பாரம் தாங்க மட்டும் தடித்தது. மூங்கிலோடு மூங்கிலைப் பிளந்த பிரம்பால் இறுக்கினார். இளந்தண்டை வாழைநாரால் மட்டும், அதுவும் நடுவே ஒரு விரல் நுழைகிற மாதிரித் தொளதொளவென்று கட்டினார். யாரோ கம்பி கொடுத்தார்கள். “மாட்டேன், வளர வளரக் கழுத்த அறுக்கும்” என்று தூக்கி எறிந்தார்.

மதில் நெடுகக் குறுக்கு மூங்கிலை எட்டி எட்டித்தான் கட்டினார், ஆள் கை நீளத்துக்கு ஒன்று. மண்வெட்டி வைக்கிற கொட்டகைக்குப் பின்னால், பங்களாவிலிருந்து கண் படாத மூலையில் மட்டும் முழத்துக்கு ஒன்று. அதுவும் கால் பதிகிற தடிப்பில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அந்த மூலையில் உச்சிக் கண்ணாடிச் சில்லுமேல் மண் அடைத்த சாக்கு இரண்டைப் போட்டார். இல்லாவிட்டால் தண்டு அறுந்துபோகுமாம்.

நான் லயத்துப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தபடி நின்றேன். கீழேயிருந்து மேலே, ஏணிப்படியை எண்ணுவது போல எண்ணினேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நாள் பத்து மணிக்கு முதல் ஆளாக ஏறினவள் நான்தான்.

அவர் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு குழி வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு அவருக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்கிற வேலை ஒன்று வந்துவிடும். ஏழு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதில் ஏறி இறங்குவோம். கொடியும் எங்களோடு போட்டி போட்டு ஏறியது. மூன்று மாதத்தில் மூங்கில் தெரியாமல் மூடி, நீலமாகப் பூத்துக் கொட்டியது. தொரைசானி நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தாளாம். என் மகள் தொடையில் மறுபடியும் மடிப்பு விழுந்தது.

சும்மா இருக்க முடியவில்லை எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பணியாரம் சுட்டு, வாழையிலையில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

“அண்ணே, ஒங்களுக்குத்தான்.”

“மாட்டேன்.”

“எம்புள்ளய பொழைக்க வெச்சீங்க, அதுக்கு...”

“நான் எந்தப் புள்ளயயும் பொழைக்க வெக்கல. கொடிக்குக் கட்டுனேன். கொண்டு போ.”

எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் அவர் சாதி வேறு, என் சாதி வேறு. லயத்தில் எங்கள் வரிசைக்காரர்கள் கையால் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கப்பல் ஏறிக் கடல் தாண்டி வந்தும், அதை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்து வந்திருந்தார். “எங் கை ஆகாது, எங் காலு மட்டும் ஒங்க மூங்கிலுக்கு ஆகுதாக்கும்!” என்று முகத்துக்கு நேரே கேட்டேன். வந்த கோபத்தில் பணியாரத்தை அங்கேயே நின்று நானே தின்றேன். அவரை நல்லவர் என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தண்டல்தான் காட்டிக்கொடுத்தான். ஒரு நாள் நான் காட்டிலிருந்து ஓடிவந்து மண்வெட்டிக் கொட்டகையைத் தாண்டினால், மூலையில் தொரை, கிராணி, தண்டல், எதிரே அவர். பின்னால் வந்த ஆறு பேரும் வேலியோரம் நின்றுவிட்டார்கள். எனக்குத்தான் நிற்க நேரம் இல்லாமல் போயிற்று.

“இந்த மூலையில மட்டும் ஏன் காணும் இவ்வளவு கிட்டக்கிட்டக் கட்டியிருக்கிறீர்?” கிராணி கேட்டார்.

“கொடி இங்கதான் கனம்.”

தொரை இலையை விலக்கிப் பார்த்தார். தண்டு உண்மையிலேயே தடித்துத்தான் இருந்தது. மூங்கிலைப் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. பாதி நம்பினார் என்றே சொல்வேன். ஏதோ சொல்ல, கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

“கொடிக்குக் கட்டினதெண்டால் இருந்திட்டுப் போகட்டுமாம். ஆனா இதில கால் வைக்கிறவளுக்கு இந்தத் தோட்டத்தில வேலை இல்லையாம். விளங்கிச்சோ?”

அவ்வளவுதான். அவர் தப்பித்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு நின்றால் அவர் வேலை அவருக்கு, அவர் கொடி அவருக்கு.

மதிலுக்கு அந்தப் பக்கம் என் மகள் அழுதாள். பத்துப் பிள்ளை சேர்ந்து அழுதாலும் எனக்கு அவள் குரல் தெரியும். ரவிக்கை நனைந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்த வீம்பு, தொரை முன்னாலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூங்கிலில் கால் வைத்துவிட்டேன். விடியற்காலையில் மழை பெய்திருந்தது. மூன்றாவது படியில் கால் வழுக்கி, இரண்டு கையாலும் கொடியைப் பற்றிக்கொண்டு தொங்கினேன். தண்டல் சிரித்தான்.

மண்வெட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவர் வந்து எனக்குக் கீழே நின்று, குனிந்து தோளைக் கொடுத்தார்.

“ஏறு.”

“அண்ணே...”

“ஏறுங்கறேன்ல! கொடிய விடு, மூங்கிலப் புடி.”

சேறும் ரப்பர் பாலும் காய்ந்து அப்பின என் காலை அவர் தோளில் வைத்தேன். அவர் அசையவில்லை. நான் உச்சிக்குப் போய்ச் சாக்கில் உட்காரும் வரை அப்படியே நின்றார். “நீரே ஏத்திவிடுறீரோ!” என்று கிராணி அலறினார். நான் இறங்கி ஓடி, மகளை எடுத்து மடியில் போட்டேன். மதிலுக்கு அப்பால் தொரை கத்துவதும், “உம்மட கையாலயே இதை வெட்டச் சொல்லுறார், வெட்டும் காணும்” என்று கிராணி கெஞ்சுவதும் கேட்டது. பதிலும் கேட்டது. அது என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. மகள் குடித்து முடித்துத் தானாக வாயை எடுக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

மத்தியானத்துக்குள் அவரைத் தோட்டத்தை விட்டுத் துரத்திவிட்டார்கள். ஒரு தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு செம்மண் சாலையில் போனாராம். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சித்தியவான் பக்கம் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன், நிச்சயமில்லை. அன்று சாயந்தரமே நாலு பேரை விட்டு மூலையில் இருந்த மூங்கிலைப் பிடுங்கிப்போட்டார்கள். கொடி மதில்மேல் தலைகீழாகத் தொங்கியது. மறுநாள் பெரட்டில் என் பேரை வெட்டப்போவதாகத் தண்டல் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

விடிந்ததும் நாங்கள் ஏழு பேரும் பிள்ளைகளைக் கொட்டகையில் விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே பெரட்டுக்களத்துக்குப் போனோம். தொரை வந்து நின்றதும் நான் ஒரு சாக்கை விரித்து, அவர் சப்பாத்துக்கு முன்னால் என் மகளைக் கிடத்தினேன்.

“இதுக்குப் பாலு குடுக்க வழி சொல்லுங்க. இல்லாட்டி நீங்களே வெச்சி வளத்துக்குங்க.”

மற்ற ஆறு பேரும் வரிசையாகக் கிடத்தினார்கள். ஏழும் ஒரே நேரத்தில் வீறிட்டன. கிராணி அதை இங்கிலீசில் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஆம்பளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் ஒருவரும் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பவில்லை, அந்த மட்டும் பரவாயில்லை. வெயில் ஏற ஏற மரம் பால் தராது. அது தொரைக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஈப்போவிலிருந்து, கூலிகள் குறையைக் கேட்கிற சர்க்கார் லேபர் தொரை வந்து விசாரித்தால் என்ன சொல்வது என்றும் நினைத்திருப்பார்.

என் பேரை வெட்டவில்லை. அந்த வாரத்துக்குள் அதே மூலையில் மதிலை இடித்து ஒரு கதவு வைத்தார்கள். அதன் வழியாகப் போய் வந்து ஏழு பிள்ளைகளையும் வளர்த்தோம்.

‘கைக்குழந்தைக்காரிகளுக்கு இரங்கிக் கதவு வைத்த தங்கமான தொரை’ என்று அந்தத் தோட்டத்துக்காரர்கள் இப்போதும் சொல்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்து ஒருவன் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, இலையில் சோறு இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் எழுதிவைக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் என் மகள். அன்று அவள் பசியாறியது தொரை வைத்த கதவு வழியாக இல்லை. என் கையால் ஒரு பணியாரம் வாங்கிச் சாப்பிடாத மனிதரின் தோளை மிதித்து ஏறிப் போய், நான் கொடுத்த பால் அது. இல்லை என்று சொல்கிறவன் என் முன்னால் வந்து சொல்லட்டும்.